ஆணழகன் மேடைக்குக் கட்டிங்: 12 வாரமா, 20 வாரமா, 26 வாரமா?

கட்டிங் என்பது மேடைக்காகத் தசையைக் காத்துக்கொண்டு கொழுப்பைக் குறைக்கும் டயட் காலம். போட்டித் தேதி தெரிந்ததும் சேலத்து ஜிம்களில் எழும் முதல் கேள்வி, "என்ன சாப்பிடணும் மாஸ்டர்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, "இன்னும் எத்தனை வாரம் இருக்கு?"

ஸ்டீராய்டு ஊசி போட்டுப் போட்டிக்கு இறங்குபவருக்கு 12 வாரம் போதலாம். அரைப் பட்டினி கிடந்தாலும் தசையைக் காக்கும் ஹார்மோன் அவருக்கு வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஊசி எதுவும் இல்லாமல் நேச்சுரலாக இறங்குபவருக்கு அந்தக் காவல் கிடையாது. உணவை அதிகம் குறைத்தால் அவர் உடலே டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மேடையில் தசையோடு நிற்பதா, தோலும் எலும்புமாக நிற்பதா என்பதைப் பெருமளவு முடிவுசெய்வது கையில் இருக்கும் வாரங்கள்தான். மற்றவரின் 12 வார சார்ட்டை வாங்கி அப்படியே பின்பற்றுவதில்தான் பாதிப் பேர் கெடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பேசலாம். எடை 80 கிலோ, கொழுப்பு 16 சதவீதம். அதாவது 12.8 கிலோ கொழுப்பு, மீதி 67.2 கிலோ தசை, எலும்பு, உறுப்பு, நீர். மேடைக்கு ஆண்களுக்கு 5, 6 சதவீதம் வேண்டும். கொழுப்பைத் தவிர எதுவும் கரையாது என்று வைத்தால் 71.5 கிலோவில் நிற்பார். நடைமுறையில் கிளைகோஜனும் (தசையில் சேமித்த மாவுச்சத்து) நீரும் கொஞ்சம் தசையுமாக இன்னொரு கிலோ போகும். மேடை எடை 70.5, குறைக்க வேண்டியது 9.5 கிலோ.

முதல் ஓட்டை இங்கேயே விழுகிறது. அந்த 16 சதவீதம் எங்கிருந்து வந்தது? ஜிம்மில் வெறுங்காலுடன் ஏறி நிற்கும் மெஷின் என்றால், அது மின்சாரத்தை உடலில் செலுத்தி நீரை வைத்து ஊகம் செய்கிறது. தண்ணீர் குடித்த பிறகு ஒரு எண், வியர்த்த பிறகு இன்னொரு எண் காட்டும். உண்மையில் அவர் 20 சதவீதத்தில் இருந்தால் மேடை எடை 67 கிலோ, குறைக்க வேண்டியது 13 கிலோ. வாரம் அரைக் கிலோ என்றால் அந்த 4 சதவீதப் பிழையின் விலை 7 வாரம். கேட்டகரியும் மாறிவிடும். எடைப் பிரிவுகள் பெரும்பாலும் 65, 70, 75 என்று 5 கிலோ இடைவெளியில் இருப்பதால், 75-க்குப் பெயர் கொடுத்தவர் 70-இல் நிற்க வேண்டியவர் என்பது கடைசி மாதத்தில்தான் தெரியவரும். சதவீதத்தை நம்பாமல் மூன்றைப் பாருங்கள்: தொப்புள் உயரத்தில் டேப் அளவு, தோலைக் கிள்ளி அளக்கும் கேலிப்பரில் எப்போதும் ஒரே கை எடுக்கும் தோல் மடிப்பு, ஒரே லைட்டில் இரு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் முதுகுப் படம். வயிற்றில் கட்ஸ் (தசைப் பிரிவுகளைக் காட்டும் வரிகள்) சீக்கிரம் வந்துவிடும். கீழ்முதுகும் பிட்டமும்தான் கடைசி. அங்கே வரி தெரியாதவரை வேலை முடியவில்லை.

மூன்று காலக்கெடுவும் அன்றாடத் தட்டில்

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. 9.5 கிலோவுக்கு 73,000 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்து, வாரம் 5 நாள் எடை தூக்கும் இந்த 80 கிலோக்காரர் எடை மாறாமல் இருக்க நாளுக்கு 2,600 கலோரி அளவில் தேவைப்படும்.

12 வாரத்தில் முடிக்க நினைத்தால் நாளுக்கு 870 குறைய வேண்டும். தொடக்கமே 1,730. புரோட்டீன் 160 கிராம், கொழுப்பு 45 கிராம், கார்ப் (மாவுச்சத்து) 170 கிராம். முதல் மாதம் தாங்கும். ஆனால் எடை இறங்க இறங்க உடலின் செலவும் இறங்கும். கொஞ்சம் எடை குறைந்ததாலும், கொஞ்சம் உடல் தானாகவே சிக்கனம் பிடிப்பதாலும். 72 கிலோவுக்கு வரும்போது செலவு 2,200 அளவுக்கு வந்திருக்கும். அதே வேகத்தில் போக 1,330 கலோரிதான் சாப்பிட முடியும். புரோட்டீனை விட்டுக்கொடுக்க முடியாது, கொழுப்பை 40 கிராமுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, ஆக கார்ப் 80 கிராம். ஒரு நாளுக்கு ஏழு இட்லி கூடக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு ஸ்குவாட் ரேக்குக்குள் போனால் பார் கீழே இறங்கும், மேலே வராது. தூக்கும் எடை குறைந்தால் தசைக்கு இருக்கக் காரணம் இல்லை.

20 வாரம் என்றால் நாளுக்கு 520 குறைத்தால் போதும். தொடக்கம் 2,080, கார்ப் 245 கிராம். கடைசியில் 1,680 அளவில் முடியும், அப்போதும் 150 கிராமுக்கு மேல் கார்ப் மிஞ்சும்.

விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த நார்வே ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. வாரம் 0.7 சதவீத வேகத்தில் இறங்கியவர்கள் கொழுப்பில்லா எடையை 2 சதவீதம் போலக் கூட்டியே கொண்டார்கள். 1.4 சதவீத வேகத்தில் இறங்கியவர்களுக்கு அது கூடவில்லை. அவர்கள் யாரும் மேடைக்குப் போகும் அளவுக்கு ஒல்லியானவர்கள் இல்லை. 10 சதவீதத்துக்குக் கீழே போகிறவருக்கு வேகத்தின் தண்டனை இன்னும் கடுமை. கொழுப்புக் கிடங்கு சிறுக்கச் சிறுக்க அதிலிருந்து ஒரு நாளில் எடுக்கக்கூடிய அளவும் சிறுக்கும், மீதியைத் தசைதான் கொடுக்கும்.

அதனால்தான் 20 வாரத்தையும் ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது. முதல் 8 வாரம் வாரத்துக்கு 0.6 கிலோ, அடுத்த 8 வாரம் 0.45, கடைசி 4 வாரம் 0.3. கூட்டினால் 9.6 கிலோ. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் இரண்டு மாதம் "இன்னும் டைம் இருக்கு" என்று நழுவவிட்டு, கடைசி மாதத்தில் வாரம் ஒன்றரைக் கிலோ இறக்கப் பார்ப்பார்கள். காலெண்டரில் அது 20 வாரம், உடலுக்கு அது 6 வாரம்.

26 வாரம் என்பது அதே 20 வார டயட்டுக்கு நடுவே 6 வார இடைவேளை. 5, 6 வாரம் குறைத்துவிட்டு, இரண்டு வாரம் அன்றைய எடைக்கு உரிய முழுக் கலோரிக்குத் திரும்புவது. கூடும் கலோரி எல்லாம் சோறு, இட்லி, பழம் என்று கார்பிலிருந்து வர வேண்டும், எண்ணெயிலிருந்து இல்லை. இது மெட்டபாலிஸத்தை எழுப்பிவிடும் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். எடைப் பயிற்சி செய்பவர்களை வைத்து 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 3 வாரத்துக்கு ஒரு வாரம் இடைவேளை விட்டவர்களும் விடாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு கொழுப்பைத்தான் இழந்தார்கள். வித்தியாசம் தெரிந்தது பசியில். போட்டிக் கட்டிங் உடைவது பெரும்பாலும் பசியால்தான் என்பதால், அந்த 6 வாரம் வீண் இல்லை.

எங்கள் தேர்வு இப்படி: 15 சதவீதத்துக்கு மேல் இருப்பவருக்கும், முதன்முறை மேடை ஏறுபவருக்கும் 26. முன்பு இறங்கி அனுபவம் உள்ளவர், பண்டிகைகளைத் தாண்டத் தெரிந்தவர் என்றால் 20. ஏற்கெனவே 10, 11 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு 12 தாராளம், குறைக்க வேண்டியது 4 கிலோதான். மற்ற யாருக்கும் 12 வேண்டாம், அடுத்த போட்டிக்குப் போகலாம்.

பெண்களுக்கு மேடை அளவு 10 முதல் 14 சதவீதம் போல. அங்கே இன்னொரு காவல்காரன் உண்டு: மாதவிடாய். அது தள்ளிப்போகத் தொடங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். மூன்று சுற்று வராமல் போனால் டாக்டரைப் பார்க்காமல் ஒரு கலோரி கூட மேலும் குறைக்கக் கூடாது. எலும்பு பலவீனமாவது அங்கேதான் தொடங்குகிறது.

ஆண்களுக்கும் விலை உண்டு. நேச்சுரல் வீரர் ஒருவரை 12 மாதம் தொடர்ந்து அளந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அவர் கொழுப்பு 14.8-இலிருந்து 4.5 சதவீதத்துக்கு இறங்கியபோது டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27-க்கு வந்தது, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 53-இலிருந்து 27-க்கு. மெதுவாக இறங்கியவருக்கே இப்படி. போட்டிக்குப் பிறகு ஹார்மோன் மீண்டது, பலம் ஆறு மாதம் கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை.

ஜூன் மேடையா, டிசம்பர் மேடையா

தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் சேலத்துக்காரருக்கு டிசம்பர்தான். ஜூன் போட்டி என்றால் கடினமான கடைசி இரண்டு மாதம் ஏப்ரல், மே. வெளியே வெயில் 38, 40 டிகிரி, தகரக் கூரை ஜிம்மில் அதற்கு மேல். இரவில் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பசி கூடும். வியர்வையில் காலை எடை ஒரு நாள் 1 கிலோ இறங்கும், மறுநாள் ஏறும், டயட் வேலை செய்கிறதா என்றே தெரியாது. கூடவே மல்கோவாவும் இமாம்பசந்தும் வீட்டுக்கு வரும் காலம். ஒரு முழு மல்கோவாவைத் தனியாளாக முடித்தால் ஒரு வேளைக் கார்ப் போய்விடும். முடிக்காமல் வைப்பது யாரால் முடியும்?

டிசம்பர் நடுவில் போட்டி என்றால் 26 வாரம் ஜூன் நடுவில் தொடங்கும். இடையில் ஆடி, புரட்டாசி, தீபாவளி. இவற்றைத் தடை என்று பார்க்காமல் மூன்று இடைவேளைகளையும் இங்கேயே வைத்துவிடலாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் வீட்டில் கூழும் விருந்தும் இருக்கும், முதல் இரண்டு வாரம் அங்கே. தீபாவளி நவம்பர் நடுவில் விழும் ஆண்டில் அந்த இடைவேளையை ஒரு வாரமாகச் சுருக்கவும், மேடைக்கு முன் நான்கு வாரமாவது இடைவிடாமல் போக வேண்டும்.

இடைவேளை வேறு, விருந்து வேறு. ஒரு பிளேட் பிரியாணி, ஒரு சிக்கன் 65, பரோட்டா இரண்டு, கடைசியில் ஐஸ்கிரீம் என்று ஒரே இரவில் 1,800 கலோரி போகும். 20 வாரக்காரரின் ஒரு வாரப் பற்றாக்குறையே 3,640 தான். "சண்டே சீட் மீல்" வைப்பவர்கள் ஆறு நாள் டயட் செய்து மூன்று நாள் பலன் எடுக்கிறார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை கார்பை மட்டும் 100 கிராம் கூட்டினால் 400 கலோரியோடு நிற்கும், திங்கட்கிழமை லெக் டேயும் (கால் பயிற்சி) நன்றாகப் போகும்.

புரட்டாசியும் புரோட்டீனும்

கொழுப்பில்லா எடை கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம் புரோட்டீன் என்பது நேச்சுரல் வீரர்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. நம் ஆளுக்கு 160 கிராம், நான்கு வேளைக்கு 40, 40 கிராமாக. கேள்வி, ஒவ்வொரு பொருளிலும் அந்த 40 கிராமுக்கு எத்தனை கலோரி செலவாகிறது என்பதுதான்.

முட்டை வெள்ளை 11 என்றால் 190 கலோரி. தோலில்லாத பிராய்லர் நெஞ்சுக்கறி பச்சையாக 175 கிராம், 200 கலோரி. வே பவுடர் (பாலிலிருந்து எடுத்த புரோட்டீன்) ஒன்றரை ஸ்கூப்புக்குச் சற்று மேல், 200. மேட்டூர் அணை கட்லா முள் நீக்கி 215 கிராம், 220 சொச்சம். மீல் மேக்கர் 77 கிராம், 265. துவரம்பருப்பு 180 கிராம் வேண்டும், 620. பன்னீர் 210 கிராம், 560-க்கு மேல். வேர்க்கடலை 160 கிராம், 900. கடலையைப் புரோட்டீன் என்று கொறிப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைப் பார்க்க வேண்டும். அது எண்ணெய் வித்து, புரோட்டீன் கூட வருகிறது, அவ்வளவுதான்.

நாமக்கல் பக்கத்தில் இருக்கும் ஊரில் முட்டைக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு 2, 3 முழு முட்டை, மீதி வெள்ளை என்று போகலாம். பச்சை முட்டையை அடித்துக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். வேகவைத்த முட்டையின் புரோட்டீன் 90 சதவீதம் அளவுக்குச் செரிக்கும், பச்சையாகக் குடித்தால் பாதிதான். கிருமி ஆபத்து தனி.

புரட்டாசியில் கவிச்சி இல்லாத வீடுகளில் இந்தப் பட்டியலின் மேல்பாதியில் வே தவிர எல்லாம் போய்விடும். மிஞ்சுவது வே, மீல் மேக்கர், கொழுப்பு எடுத்த பாலும் தயிரும், பருப்பு, பன்னீர். இரண்டு வழி உண்டு. ஒன்று, தினமும் வே மூன்று ஸ்கூப், மீல் மேக்கர் 50 கிராம், கொழுப்பு எடுத்த தயிர் அரைக் கிலோ. 72, 26, 17 என்று 115 கிராம் இதிலேயே வந்துவிடும், மீதி பருப்பிலும் சோற்றிலும். மீல் மேக்கரை 50 கிராமுக்கு மேல் ஏற்றினால் வயிறு உப்பும். இன்னொரு வழி, இரண்டாம் இடைவேளையைப் புரட்டாசியிலேயே வைத்துவிடுவது. முழுக் கலோரி இருக்கும்போது பருப்புக்கும் பன்னீருக்கும் இடம் இருக்கும், நெருக்கடியே வராது. இரண்டாவதுதான் நல்ல வழி. மீதி இரண்டு வாரத்துக்கு முதல் வழியைப் பிடித்துக்கொள்ளலாம். கார்த்திகையில் மாலை போடுகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. அது சரியாகக் கடைசி நான்கு வாரத்தில் வரும், முதல் வழி மட்டுமே.

கார்ப், கொழுப்பு எதைக் குறைப்பது என்பதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கொழுப்பை மொத்தக் கலோரியில் 15 முதல் 30 சதவீதத்துக்குள் நிறுத்திவிட்டு, மீதியைச் சோறாகவும் இட்லியாகவும் எடுத்து, அதில் பெரும்பங்கைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வையுங்கள். கார்பை ஏறக்குறைய நிறுத்திவிடும் கீட்டோவில் முதல் வாரம் 2 கிலோ இறங்குவது நீர். அதைக் கொழுப்பு என்று எண்ணி ஏமாந்து, பம்ப் (இரத்தம் நிறைந்து தசை விம்முவது) இல்லாத தசையோடு 20 வாரம் ஓட்டத் தேவையில்லை.

அளவில்தான் ஓட்டைகள். அரிசியைப் பச்சையாக எடை போடுங்கள். 100 கிராம் பொன்னி வெந்தால் 270-உம் வரும், 300-உம் வரும், வடித்த பதத்தைப் பொறுத்தது. இட்லிக்கு 400 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து ஊறவைத்தால் மொத்தம் 1,750 கலோரி. வந்த இட்லிகளை எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள், 28 வந்தால் ஒன்றுக்கு 62. இட்லிப் பொடிக்குக் குழித்து ஊற்றும் நல்லெண்ணெய்தான் ஆபத்து. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, இரண்டு இட்லிக்குச் சமம். எண்ணெயை அளக்கும் ஸ்பூனை அம்மா கையில் கொடுத்துவிடுவது எந்த மெஷினையும் விடப் பயனுள்ளது. டீக்கடையில் பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீ ஒன்றுக்கு 80, 90. ஐந்து டீ என்றால் அன்றைய பற்றாக்குறையில் பெரும்பகுதி கிளாஸில் போய்விட்டது. ஏற்காட்டுக் காபிக்கொட்டையை அரைத்துப் பாலில்லாமல் குடித்தால் கலோரி ஏறக்குறைய இல்லை, மாலை நாலு மணிக்கு மேல் வேண்டாம். தட்டுவடை செட் கடைப் பக்கம் போகாமல் வீட்டுக்குப் போக வேறு வழி பார்த்துக்கொள்ளவும்.

சமவெளி நடையா, ஏற்காட்டு ஏற்றமா

உணவைக் குறைக்கும்போது உடல் தன்னையறியாமல் அசைவைக் குறைக்கும். முன்பு நடந்த இடத்துக்கு வண்டி எடுப்பார், மாடி ஏற யோசிப்பார். அதனால் கார்டியோவைவிட முதலில் நடை எண்ணிக்கையைப் பிடிக்க வேண்டும். நாளுக்கு 8,000 அடியில் தொடங்கி, தேவைப்பட்டால் 12,000 வரை. 80 கிலோ ஆள் 10,000 அடி, அதாவது 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சமதரையில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட 300 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும். காலை காந்தி ஸ்டேடியத்திலும் மூக்கனேரிக் கரையிலும் நடப்பதற்கு ஒரு பெரிய நன்மை: மறுநாள் கால் வலிக்காது.

மலையேற்றம் வேறு கணக்கு. அதே ஆள் 100 மீட்டர் உயரம் ஏறினால், நடந்த தூரத்துக்கான செலவு போக, மேலும் 75 கலோரி. அடிவாரத்திலிருந்து 300 மீட்டர் ஏறினாலே 225 கூடுதல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கெடுவது இறங்கும்போது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது, அதுதான் மிக அதிகமாகத் தசையைக் கிழிக்கும் வேலை. கலோரி குறைவாக இருக்கும்போது அது ஆற மூன்று நாள் ஆகும், அந்த வார லெக் டே போச்சு. கூடவே வலி எடுத்த தசை நீரைப் பிடித்துக்கொள்வதால் எடையும் ஏறிக் காட்டும். ஏறியே ஆக வேண்டும் என்றால் காலையில் சில வளைவு ஏறிவிட்டு இறங்குவதற்குப் பஸ் பிடியுங்கள், வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். கையில் வாழைப்பழம் வைத்திருந்தால் உங்கள் கார்பை வழியிலேயே குரங்கு வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது வழி ட்ரெட்மில். 10 சதவீதச் சரிவு, மணிக்கு 5 கிலோமீட்டர், 30 நிமிடம். 2.5 கிலோமீட்டரில் 250 மீட்டர் ஏறியதாகிறது, இறக்கம் கிடையாது, செலவு 290 கலோரி. 10,000 அடி நடையின் பலன் அரைமணி நேரத்தில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஷிஃப்ட் வேலையில் நேரமில்லாதவருக்கு இது, நேரம் இருப்பவருக்குச் சமதரை நடை.

ஏற்காட்டிலேயே வசிப்பவர்களுக்கு ஒன்று. 1,500 மீட்டர் உயரமும் குளிரும் கொழுப்பைக் கரைத்துவிடும் என்ற பேச்சில் சத்து இல்லை. ஏரியைச் சுற்றிச் சமமான பாதையில் நடந்தால் போதும். மலையில் இருப்பதன் நன்மை மே மாதத் தூக்கம், தீமை டிசம்பர் இரவு. 7 சதவீதக் கொழுப்பில் போர்வை இரண்டு போட்டாலும் நடுங்கும்.

எடை நிற்கும்போது

தினமும் காலைக்கடன் முடித்து, எதுவும் குடிக்காமல் எடை போட்டு, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்ட மறுநாள் முக்கால் கிலோ கூடினால் அது உப்பு பிடித்த நீர். இரண்டு வாரச் சராசரியும் இடுப்பு டேப்பும் ஒருசேர அசையாமல் நின்றால் மட்டும், 2,000 அடி கூட்டவும் அல்லது கார்பில் 30 கிராம் குறைக்கவும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் அடுத்த தேக்கத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

"கட்ஸ் வரணும்" என்று எடையைப் பாதியாக்கி 25 ரெப் (தூக்கும் தடவை) அடிப்பது பழைய நோய். கட்ஸ் கொடுப்பது டயட். தசையைக் கட்டிய எடைதான் அதைக் காக்கும். 8 ரெப் அடித்த எடையை 8-க்கே பிடித்திருங்கள், களைப்பு கூடினால் செட்டைக் குறையுங்கள். தசைக்கு வலுத் தரும் பவுடரான கிரியேட்டின் 3 முதல் 5 கிராம் கடைசி நாள் வரை தொடரலாம், அது பிடிக்கும் நீர் தசைக்குள் இருக்கிறது, தோலுக்கடியில் இல்லை.

ஃபேட் பர்னர் டப்பாக்களைத் தொடாமல் இருப்பதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. சிபுட்ராமின், எபெட்ரின் போன்ற தடை மருந்துகள் லேபிளில் சொல்லாமலே கலந்து வருவதுண்டு. ஊக்கமருந்து டெஸ்டில் பிடிபட்டால் "எனக்குத் தெரியாது" என்பது செல்லாது, உடலில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. கிளென்பூட்டெராலும் நீர் வெளியேற்றும் மாத்திரைகளும் நேரடியாகவே தடைப்பட்டியலில் உள்ளவை. காபி தடையில்லை.

கடைசி வாரம்: தண்ணீரை நிறுத்துவதா, விடுவதா

70.5 கிலோவில் நிற்பவருக்கு வரும் ஆசை, அரைக் கிலோ தண்ணீரை வற்றவைத்து 70-க்குள் நுழைவது. தண்ணீரையும் உப்பையும் இரண்டு நாள் முன்பே நிறுத்தினால் தோல் ஒட்டும் என்பது அதன் பின்னுள்ள நம்பிக்கை. தசைக்குள் ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் நீரோடுதான் சேரும். நீரை நிறுத்தினால் முதலில் வற்றுவது தசை. உப்பு இல்லாவிட்டால் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சுவதும் குறையும், மேடையில் பம்ப் வராது. ஃபிளாட்டாக (தசை வற்றி) நின்று, மறுநாள் சாப்பிட்டபின் கண்ணாடியில் அழகாகத் தெரிகிறவர்கள் எல்லாம் இந்த வழியில் போனவர்கள். மயக்கம், தசைப்பிடிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று ஆபத்தும் இந்தப் பக்கம்தான்.

மற்ற வழி சாதுவானது. ஞாயிறு போட்டி என்றால் திங்கள் முதல் புதன் வரை வழக்கமான டயட், லெக் டே செவ்வாயோடு முடிவு. வியாழனும் வெள்ளியும் கார்பை எடை கிலோவுக்கு 6, 7 கிராமாக ஏற்றுவது, அதாவது நாளுக்கு 420 முதல் 490 கிராம். கொழுப்பும் நாரும் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் வெள்ளைச் சோறு, இட்லி, அவல். சேலத்து ஜவ்வரிசிக்கு இங்கேதான் வேலை: 100 கிராமில் 87 கிராம் கார்ப், நார் இல்லை, வாயு இல்லை. சனிக்கிழமை நடுத்தர அளவுக்குத் திரும்பி, கண்ணாடியைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ இடம் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் உப்பும் வாரம் முழுக்க எப்போதும்போல. புதிய உணவு எதுவும் கூடாது, வெளியூர் ஓட்டலை நம்பாமல் டப்பாவில் கட்டிக்கொண்டு போக வேண்டும். மூன்று, நான்கு வாரம் முன்பே இதை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். 450 கிராமில் தசை நிறைகிறதா, தோல் மங்குகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மேடைக்கு மறுநாள்

வாரம் 50 கலோரி என்று எறும்பு வேகத்தில் ஏற்றுவதா, நேராக முழுக் கலோரிக்குப் போவதா என்ற கேள்வி மீதியிருக்கிறது. ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும் ஹார்மோனை இன்னும் இரண்டு மாதம் அங்கேயே வைத்திருப்பதில் லாபமில்லை. முதல் வாரத்திலேயே அன்றைய எடைக்கு உரிய 2,200-க்குப் போய், அடுத்த வாரங்களில் 200, 200 ஆகக் கூட்டி, இரண்டு மாதத்தில் 4 முதல் 6 கிலோ ஏறுவதை ஏற்றுக்கொள்வதுதான் சரி. நடையை 8,000-க்குக் குறைத்து, எடை போடுவதை மட்டும் விடாதீர்கள். டிசம்பர் நடுவில் மேடை இறங்கினால் நான்கு வாரத்தில் பொங்கல். பசி அப்போதும் அடங்கியிருக்காது, கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் வரும் முன்பே நான்கு வேளை புரோட்டீன் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடும் பழக்கம் நிலைத்திருக்க வேண்டும்.